நிவாரண வண்டி ரோட்டோட நின்னுடுது, வெள்ளம் அங்க நிக்கிறதில்ல

நான் நீலகிரில பந்தலூர் பக்கம் பச்சைத்தேயிலை ஏத்துற பிக்கப் ஓட்டுறேன். சிறு விவசாயிங்ககிட்ட எடை போட்டு வாங்கி ஃபேக்டரில இறக்குறது தான் பொழப்பு, அதனால கூடலூர் பந்தலூர் ரெண்டு தாலுகாலயும் எந்த ரோடு எங்க முடியுது, முடிஞ்ச இடத்துல இருந்து உள்ள எத்தனை வீடு இருக்குன்னு ஓரளவு தெரியும். மழை சீசன்ல தேயிலை லோடு இல்லாத நாள்ல வண்டி சும்மா தான் நிக்கும், அப்ப தான் பசங்க கூட சேர்ந்து இந்த நிவாரண வேலைக்குள்ள வந்தேன். ஒவ்வொரு வருஷமும் டிவில கூடலூர் வெள்ளம்னு ஓடினதும் கோயம்புத்தூர், திருப்பூர், பெங்களூர்ல இருந்து போன் வரும், "அண்ணே என்ன அனுப்பலாம்"னு. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லி வாய் வலிக்குது, அதான் ஒரே தடவையா எழுதிடலாம்னு.

முதல்ல ஒண்ணு. நீலகிரின்னா ஊட்டின்னு நினைச்சுட்டு தான் எல்லாரும் கிளம்புறாங்க. இந்த மாவட்டத்துல ரெண்டு மழை இருக்கு, ரெண்டும் வேற வேற பக்கம் அடிக்கும். ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் தென்மேற்கு பருவமழை, அது எங்க பக்கம், கூடலூர், பந்தலூர், தேவாலா, அப்புறம் அந்தப் பக்கம் அவலாஞ்சி, எமரால்டு, குந்தா. அக்டோபர் நவம்பர்ல வடகிழக்கு, அது குன்னூர், கோத்தகிரி, கேத்தி பக்கம் போட்டுத் தாக்கும். 2009 நவம்பர்ல குன்னூர், கேத்தி சுத்துவட்டாரத்துல மண்சரிவுல 40 பேருக்கு மேல செத்தாங்க, அப்ப எங்க பக்கம் அந்த அளவுக்கு ஒண்ணும் இல்ல. 2019 ஆகஸ்ட்ல அப்படியே தலைகீழ், அவலாஞ்சில ஒரே நாள்ல 80 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சு, இங்க கூடலூர்ல ஆறும் வயலும் ஒண்ணாகிப் போச்சு, அதே ஆகஸ்ட் 8ஆம் தேதி தான் மலைக்கு அந்தப் பக்கம் வயநாட்டுல புத்துமலையும் நிலம்பூர் பக்கம் கவளப்பாறையும் சரிஞ்சது. அதனால "ஊட்டில மழை"ன்னு நியூஸ் பார்த்தா எந்தத் தாலுகான்னு கேட்டுட்டு வண்டியைக் கிளப்புங்க. ஊட்டில ஏறி கூடலூருக்கு இறங்க இன்னும் 50 கிலோமீட்டர், நடுவுல நடுவட்டம் பக்கம் மரமோ மண்ணோ விழுந்துச்சுன்னா அங்கயே கிடக்க வேண்டியது தான்.

மைசூர் வழியா வர்றவங்களுக்கு வேற ஒரு சிக்கல். பந்திப்பூர் காட்டு ரோட்டுல ராத்திரி 9 மணியில இருந்து காலைல 6 வரைக்கும் வண்டி விடமாட்டாங்க. பெங்களூர்ல ஆபீஸ் முடிச்சுட்டு சாயங்காலம் கிளம்புனா கேட்டுல விடிய விடிய உக்காந்திருக்கணும், பிரெட் எல்லாம் வண்டிக்குள்ளயே ஈரம் கோத்துக்கும். நைட்டு ரெண்டு மணிக்கு மேல கிளம்பி விடிஞ்சதும் கேட் திறக்கிற நேரத்துக்கு வந்து நிக்கிறவன் தான் விவரமானவன்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். மலையில நிவாரணத்துக்குப் பொருள் பஞ்சம் ரொம்ப குறைவு, நம்ம ஜனங்க கொடுக்கிறதுல கஞ்சத்தனம் பண்றதே இல்ல. பிரச்சனை வேற. லாரி வரும், ஜங்ஷன்ல நிக்கும், பேனர் கட்டுவாங்க, ரோட்டோரத்துல இருக்கிற ஜனம் வரும், அரைமணி நேரத்துல காலி. அந்த ஜங்ஷன்ல இருக்கிறவங்களுக்கும் மழை தான், இல்லேங்கல, ஆனா அவங்களுக்குக் கடை இருக்கு, பக்கத்து வீட்டுல கேஸ் அடுப்பு இருக்கு. அங்கிருந்து ஜீப் ரோட்டுல ரெண்டு மூணு கிலோமீட்டர் உள்ள டேன்டீ (அரசு தேயிலைத் தோட்டம்) லைன் இருக்கும், அதாவது தொழிலாளிங்க வரிசை வீடு, 1964 இந்தியா-இலங்கை ஒப்பந்தத்துக்கு அப்புறம் சிலோன்ல இருந்து வந்த குடும்பங்க, தகர ஷீட்டு போன வீடு. அதையும் தாண்டி இறங்குனா ஆத்தோரத்துல பழங்குடி ஜனங்க, பணியர் பாடி (அவங்க குடியிருப்பு), காட்டுநாயக்கர் வீடுங்க. தண்ணி முதல்ல ஏறுறது அங்க தான், தொரப்பள்ளி பக்கம் இருவயல், கூடலூர் பக்கத்துல புறமணவயல், பேர்லயே வயல் இருக்கு பாருங்க, மழை வலுத்தாலே முட்டிக்கால் தண்ணி வந்துடுற இடம். லாரி வந்த சேதி அவங்களுக்குத் தெரியவே அடுத்த நாள் ஆயிடும், டவர் தான் இல்லையே.

ஒரு தடவை இப்படித்தான், ஜங்ஷன்ல பிரெட்டும் பாலும் கொடுத்துட்டு இருக்காங்க, ஒரே பையன் நாலு பாக்கெட் வாங்கிட்டு சிரிச்சிட்டே போறான். நான் வண்டியை உள்ள விட்டேன். லைன்ல கடைசி வீட்டுல ஒரு பாட்டி அடுப்பு முன்னாடி குத்த வச்சு உக்காந்து ஊதாங்குழல்ல ஊதிட்டு இருக்கு, விறகு பூரா நனைஞ்சு நுனில நுரை தள்ளுது, புகை தான் வருது, தீ வரல. தட்டுல அரிசி களைஞ்சு ரெடியா இருக்கு. "அரிசி இருக்கு தம்பி, ரேஷன் அரிசி, வேக வைக்கத் தான் வழியில்ல"ன்னுச்சு. நாங்க கொண்டு போனது என்ன? இன்னும் அஞ்சு கிலோ அரிசி. பாட்டிக்கு அப்ப தேவைப்பட்டது ஒரு கட்டு காய்ஞ்ச விறகும் தீப்பெட்டியும். தீப்பெட்டியைக் கூட பாலிதீன் கவர்ல சுத்திக் கொடுக்கணும், இல்லைன்னா இந்த ஊர் ஈரத்துல மறுநாளே உரசினா மருந்து பிசுபிசுன்னு கையோட வந்துடும்.

அதுக்கப்புறம் எங்க பசங்க ஒரு வழக்கம் வச்சிருக்கோம். கடைசி வீட்டுல இருந்து ஆரம்பிக்கிறது. ரோடு எங்க முடியுதோ அங்க வண்டியை நிறுத்திட்டு, தலைச்சுமையா உள்ள போய், கடைசி வீட்டுல கொடுத்துட்டு வெளிய வர்ற வழியில மத்த வீட்டுக்குக் கொடுத்துட்டே வரணும். ரோட்டோரத்துக்கு வர்றப்ப தீர்ந்து போச்சுன்னா போகட்டும், அவங்களுக்கு நாளைக்கு இன்னொரு லாரி வரும். இதுல திட்டும் வாங்குவோம், "எங்க கண்ணு முன்னாடி வண்டி போகுது, எங்களுக்கு இல்லையா"ன்னு. நியாயம் தான், பதில் பேசாம போயிடுறது நல்லது.

இதைச் செய்யணும்னா பெரிய லாரி வேலைக்கு ஆகாது. கூடலூர் டவுன்லயோ பந்தலூர்லயோ இறக்கிட்டு பிக்கப், ஜீப்ல பிரிச்சு ஏத்தணும். அப்படி ஏத்துறப்ப ஒரு வண்டில அரிசி, ஒரு வண்டில போர்வைன்னு ஏத்தாதீங்க, ஒரு வண்டி வழியில மாட்டிக்கிட்டா ஒரு லைனுக்குப் போர்வை மட்டும் போகும், இன்னொரு லைனுக்கு அரிசி மட்டும் போகும். வீட்டுக்கு ஒரு சாக்குன்னு முன்னாடியே கட்டிடுங்க. தேயிலை எடுக்கிற லீஃப் பேக் இருக்கு பாருங்க, அது இதுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும், தோள்ல மாட்டிக்கலாம், கை ரெண்டும் ஃப்ரீயா இருக்கும், சரிவுல கால் வழுக்குறப்ப கையில ஒரு கம்பு பிடிச்சே ஆகணும்.

என்ன அனுப்பலாம்னா, பழைய துணி மட்டும் வேண்டாம். கோவிச்சுக்காதீங்க. 2024 ஜூலை 30 அன்னிக்கு வயநாட்டுல முண்டக்கை, சூரல்மலை மண்சரிவுல போச்சு, எங்க சேரம்பாடில இருந்து சோலாடி செக்போஸ்ட் தாண்டுனா மேப்பாடி பக்கம் தான், இங்க இருக்கிற நிறைய பேருக்கு அங்க எஸ்டேட்ல சொந்தக்காரங்க. தமிழ்நாடு அரசு 5 கோடி கொடுத்துச்சு, ஜனங்க வண்டி வண்டியா கொண்டு போனாங்க. அங்க பார்த்தேன், பழைய துணி மலை மாதிரி கிடக்குது, கிழிஞ்ச சுடிதார், ஜிப் போன பேன்ட், கல்யாணத்துக்கு எடுத்த ஜிகினா பிளவுஸ், அதைப் பிரிச்சு அடுக்கவே தனியா ஆளு வேலை செய்யுது, அந்த ஆளு சேறு அள்ளப் போயிருக்கலாம். மலையில ஈரத்துணி காயாது, ஒரு வாரம் ஆனாலும் காயாது, பூஞ்சை பிடிச்சு குப்பையா தான் போகும். கொடுத்தா புது உள்ளாடை கொடுங்க, சைஸ் வாரியா, அதை யாருமே நினைக்கிறதில்ல. நைட்டி, லுங்கி, குழந்தைங்களுக்கு ஸ்வெட்டர், சாக்ஸ், கம்பளி. கீழ ஊர்ல விக்கிற மெல்லிசு போர்வை ஆகஸ்ட் மாசம் எமரால்டு குளிருக்குக் கொசுவலை தான். நாப்கின், குழந்தை பால் பவுடர், பெரியவங்களுக்கு டயப்பர். அட்டைப்பூச்சிக்கு உப்பும் புகையிலையும், இதைப் படிக்கிற கீழ்நாட்டுக்காரங்க சிரிப்பீங்க, ஒரு தடவை தேயிலைக் காட்டுல மழையில நடந்து பாருங்க, ஷூவைக் கழட்டுறப்ப ரத்தமா இருக்கும். கடிச்ச அட்டையைப் பிச்சு எடுக்காதீங்க, உப்பு வச்சா தானா விழும்.

தண்ணி பாட்டில் கேஸ் கேஸா ஏத்திட்டு வராதீங்க. நீலகிரில சின்ன பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை, செக்போஸ்ட்ல இறக்கச் சொல்லுவாங்க, அங்க நின்னுட்டு "நிவாரணம் சார்"னு சண்டை போட்டு ஒரு மணி நேரம் போகும். இங்க தண்ணிக்குப் பஞ்சமில்ல, நல்ல தண்ணிக்குத் தான் பஞ்சம். மூடி போட்ட 20 லிட்டர் கேன், பெரிய அலுமினிய குண்டான், குளோரின் மாத்திரை இதுங்க தான் உபயோகம், காய்ச்சிக் குடிக்கணும், அதுக்கும் விறகு தான் வேணும், சுத்தி சுத்தி விறகுல தான் வந்து நிக்குது. சேத்துல வேலை செஞ்சவங்களுக்கு எலிக்காய்ச்சல் வரும், காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் சேர்ந்து வந்தா உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகணும். அதுக்கான மாத்திரையை நீங்களே வாங்கிக் கொடுக்காதீங்க, எல்லாருக்கும் அது ஒத்துக்காது, நர்ஸம்மா பார்த்துக் கொடுக்கட்டும்.

தார்பாய் பத்தி கொஞ்சம் விவரமா சொல்லணும். எல்லாரும் வாங்குறது ப்ளூ கலர்ல மெல்லிசா இருக்குமே அது. எங்க ஊர் காத்துக்கு ஒரு ராத்திரி தாங்காது, மூலையில இருக்கிற அந்த வளையம் பிய்ஞ்சுட்டு வந்துடும், அப்புறம் அது பறந்து போய் எங்கயோ சில்வர் ஓக் மரத்துல தொங்கும். கனமான தார்பாய் வாங்குங்க, எண்ணிக்கை பாதியா குறைஞ்சாலும் பரவால்ல. கூடவே கயிறு, தார்பாய் கொடுக்கிறவங்க கயிறு கொடுக்கிறதே இல்ல, வெறும் தார்பாயை வச்சு என்ன பண்றது, மேல கல்லை வைப்பாங்க, காத்துல கல்லு ஷீட்டு வழியா உள்ள விழும். வளையத்துல நேரா கட்டாம, சின்னக் கூழாங்கல்லை தார்பாய்க்கு அடியில வச்சு, அதைச் சுத்தி கயிறு போட்டு முடிச்சு போட்டா கிழியாது, இது ஒரு எஸ்டேட் மேஸ்திரி அண்ணன் காட்டிக் கொடுத்தது. சரிவு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் தண்ணி வீட்டுக்குப் பின்னாடி தேங்காம வெளிய போற மாதிரி இழுத்துக் கட்டணும். வீட்டுக்குப் பின்பக்க மண்ணுல தண்ணி இறங்குனா அந்த மண்ணு தான் ராத்திரி சுவத்துல வந்து சாயும்.

அதே மாதிரி யானை. இதை வெளியூர் டீம் ஒருத்தர் கூட யோசிச்சுப் பார்த்தது கிடையாது. அரிசி மூட்டையைக் கொண்டு வந்து லைன் முன்னாடி ஷெட்டுல அடுக்கிட்டு, காலைல பிரிச்சுக் கொடுத்துக்கலாம்னு போயிடுவாங்க. பந்தலூர்ல அரிசி வாசத்துக்கு வீட்டை உடைச்ச மக்னா (தந்தமில்லாத ஆண்) யானைக்கு ஜனங்க அரிசி ராஜான்னே பேர் வச்சிருந்தாங்க, 2022 டிசம்பர்ல தான் அதைப் பிடிச்சு முதுமலைக் காட்டுல விட்டாங்க. அந்த ஒண்ணு போச்சு, மத்ததெல்லாம் இங்க தான் இருக்கு. அரிசி, உப்பு ரெண்டையும் ஆள் குடியிருக்கிற லைன்ல ராத்திரி ஸ்டாக் வைக்காதீங்க, டவுன்ல காங்க்ரீட் கட்டடத்துல பூட்டி வைங்க. இருட்டுறதுக்குள்ள வண்டியைத் திருப்பிடுங்க, கரண்ட் இல்லாத ராத்திரில லைட்டு போட்டுட்டு நடந்து போய் உதவி பண்றேன்னு ஹீரோயிசம் வேண்டாம். எங்க போறதா இருந்தாலும் உள்ளூர் ஆளோ பாரஸ்ட் வாட்சரோ ஒருத்தர் முன்னாடி நடக்கட்டும்.

பணியர் பாடிக்குப் போறவங்களுக்குத் தனியா ஒண்ணு. அவங்க வரிசையில வந்து நிக்க மாட்டாங்க, கேக்கவும் மாட்டாங்க, கேட்டா "ஒண்ணும் வேண்டா"ன்னுடுவாங்க. வேண்டாம்னு அர்த்தம் இல்ல. மூப்பன்னு ஊர்ப் பெரியவர் இருப்பாரு, அவரைப் பார்த்து உக்காந்து பேசிட்டு, எத்தனை அடுப்புன்னு கேட்டு, அவர் கையிலயோ அங்க இருக்கிற அக்காங்க கையிலயோ கொடுத்துட்டு வாங்க, அவங்களுக்குள்ள பிரிச்சுப்பாங்க. ஒருத்தரு ஒரு குழந்தை கையில பிஸ்கட் பாக்கெட்டைக் கொடுத்துட்டு, போட்டோ சரியா வரலன்னு திருப்பி வாங்கி மறுபடி கொடுத்தாரு. அந்தப் புள்ள குழம்பிப் போய் அம்மா மூஞ்சியைப் பார்த்துச்சு. நான் அன்னிக்கு அவரை என் வண்டில ஏத்தல, நடந்து வாங்கன்னு சொல்லிட்டேன். கணக்கு காட்டணும்னா பில்லைப் போட்டோ எடுங்க, மூட்டையைப் போட்டோ எடுங்க.

முகாம் வச்சிருக்கிற ஸ்கூல்ல சாப்பாடு ஓரளவு வந்துடும், ரெவென்யூ ஆளுங்க பார்த்துப்பாங்க. அங்க குறையிறது டாய்லெட் லைட்டு, சோப்பு, பாய். பொம்பளைங்க ராத்திரி டாய்லெட் போகப் பயந்துட்டு தண்ணியே குடிக்காம இருப்பாங்க, ரெண்டு சோலார் லைட்டு மாட்டினா போதும். பிபி, சுகர் மாத்திரை வீட்டோட விட்டுட்டு வந்தவங்க நிறைய பேர் இருப்பாங்க, கேட்டாத் தான் சொல்லுவாங்க. அப்புறம் மழை விட்டதும் ஸ்கூல் திறக்கணும்னு முகாமை மூடுவாங்க, அந்த நாள் தான் மோசமான நாள், ஜனம் திரும்பிப் போனா வீட்டுல கணுக்கால் சேறு, பாய் இல்ல, அடுப்பு கரைஞ்சு போச்சு. உதவி பண்ணணும்னு நினைக்கிறவங்க அந்த நாளுக்குன்னு கொஞ்சம் எடுத்து வைங்க, மண்வெட்டி, பக்கெட், பினாயில், ரெண்டு பாத்திரம். அப்ப ஒரு லாரியும் வராது, நியூஸ்ல வேற விஷயம் ஓடிட்டு இருக்கும்.

பணமும் அப்ப தான் வேணும். மழை வலுத்தா தேயிலை எடுக்க முடியாது, எடுக்கலன்னா சம்பளம் இல்ல, தனியார் தோட்டத்துல கைக்காசுக்கு வேலை செய்றவங்களுக்கு ரெண்டு வாரம் வருமானம் பூஜ்யம். நம்பிக்கையான உள்ளூர் ஆள் இருந்தா பொருளை விட பணமா அனுப்புறது தான் என் அபிப்பிராயத்துல சரி, இங்கயே கூடலூர் கடையில வாங்குனா லாரி வாடகை மிச்சம், வெள்ளத்துல அடிபட்ட கடைக்காரனுக்கும் வியாபாரம்.

அப்புறம் பேப்பர் வேலை. இதுல யாருக்கும் ஆர்வம் இருக்காது, ஆனா கம்பளியை விட இது தான் பெருசு. சேறு அள்ளுறதுக்கு முன்னாடி வீட்டை உள்ள வெளிய நாலா பக்கமும் போட்டோ எடுத்து வைக்கச் சொல்லுங்க, சுவத்துல தண்ணி நின்ன கோடு தெரியணும், வீட்டு ஆளும் போட்டோல இருக்கணும். விஏஓ கிட்ட மனு கொடுத்தா ஒரு நகல்ல தேதி போட்டுக் கையெழுத்து வாங்கிக்கணும். உயிர் போனா குடும்பத்துக்கு 4 லட்சம், மலைப்பகுதில முழுசா இடிஞ்ச வீட்டுக்கு 1.30 லட்சம்னு பேரிடர் நிதி விதில இருக்கு, 2022ல மாத்துனது. ஆனா அதே விதில வீடு அனுமதியோட கட்டுனதா இருக்கணும்னும் இருக்கு. இங்க தான் கூடலூர்க்காரன் மாட்டிக்கிறான். 1969 ஜென்மம் (பழைய ஜமீன் மாதிரி நிலவுரிமை) ஒழிப்புச் சட்டத்துல செக்‌ஷன் 17 நிலம்னு ஒண்ணு இருக்கு, அதுல தலைமுறையா குடியிருக்கிறவங்களுக்குப் பட்டா இல்ல, பட்டா இல்லாத வீடு இடிஞ்சா என்ன சர்டிபிகேட் கொடுக்கிறதுன்னு ஆபீஸ்ல கை விரிப்பாங்க. ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, வீட்டு வரி ரசீது, ஏதோ ஒண்ணு அந்த முகவரில இருந்தா சேர்த்து வைச்சு விடாம கேக்கணும். சட்டம் தெரிஞ்ச வக்கீல் தம்பி ஒருத்தர் ஒரு ஞாயித்துக்கிழமை வந்து லைன்ல உக்காந்து மனு எழுதிக் கொடுத்தாருன்னா ஒரு லாரி அரிசிக்கு மேல.

கார்டு எல்லாம் தண்ணில போச்சுன்னு அழுறவங்களை ஒவ்வொரு வருஷமும் பாக்குறேன். ஒரு ஜிப் கவர்ல போட்டு, அரிசி டப்பாக்குள்ள வைங்கன்னு சொன்னா கேப்பாங்க. வீடு விட்டு ஓடுறப்ப டப்பாவைத் தூக்கிட்டுத் தான் ஓடுவாங்க.

வெளிய இருந்து உதவிக்கு வர்ற பசங்க உசுரையும் கொஞ்சம் பார்த்துக்கணும். நிலத்துல புதுசா நீள வெடிப்பு, மரம் சாயுறது, நேத்து வரைக்கும் தெளிவா வந்த ஓடை திடீர்னு செஞ்சேறா வர்றது, இல்லைன்னா மழை கொட்டிட்டு இருக்கிறப்பவே ஓடைத் தண்ணி சட்டுனு குறையிறது, இதுல எது தெரிஞ்சாலும் மூட்டையை அங்கயே போட்டுட்டு ஆளுங்களைக் கூட்டிட்டுப் பக்கவாட்டுல மேட்டுக்குப் போயிடணும், ஓடை போற திசையில கீழ ஓடக் கூடாது. கலெக்டர் ஆபீஸ் கன்ட்ரோல் ரூம் 1077, மாநிலத்துக்கு 1070. டவர் போயிடுச்சுன்னா எந்த மேட்டுல சிக்னல் கிடைக்கும்னு லைன்ல இருக்கிற காலேஜ் பசங்களுக்குத் தெரியும், அவங்களைக் கேளுங்க.

எங்க டீம் மே மாசமே வேலையை ஆரம்பிச்சுடும். லைன் வாரியா எத்தனை அடுப்பு, கைக்குழந்தை எங்க இருக்கு, மாசமா இருக்கிறவங்க யாரு, படுக்கையில இருக்கிறவங்க யாருன்னு ஒரு நாற்பது பக்க நோட்டுல எழுதி வச்சுக்கிறோம், போன்ல வச்சா சார்ஜ் போயிடும். விறகை வெயில்லயே வாங்கி ஒரு பழைய ஃபேக்டரி மாடில ஏத்திடுவோம். மரம் அறுக்கிற மெஷினுக்குச் செயின், கயிறு, டீசல் கேன் ரெடியா இருக்கணும். தேவாலா, சேரம்பாடி பக்கம் இந்த வருஷம் கூட நிக்கணும்னு நினைக்கிறவங்க மே மாசமே சொல்லிடுங்க, ஒரு தடவை வெயில் இருக்கிறப்ப வந்து வழியை நடந்து பார்த்துட்டுப் போங்க. ஜூலைல மழை கொட்டுறப்ப போன் பண்ணி லொகேஷன் அனுப்புங்கன்னு கேட்டா, அனுப்ப டவர் இருக்காது.